மறு: த்ரூபுட்டுக்கு என்ன சொல்? ‘சேர்வீதம்’ சரிவருமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் எழுதும் பேக்கப் கையேட்டின் மூன்றாம் பகுதியில் த்ரூபுட் (ஒரு வினாடிக்கு உண்மையில் எவ்வளவு தரவு போகிறது என்ற அளவு) வருகிற இடமெல்லாம் ‘வேகம்’ என்றே எழுதி வைத்திருக்கிறோம். அதை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

> ‘வேகம்’ எல்லாருக்கும் புரிகிறதே, புதுச்சொல் எதற்கு?

புரிகிறது ஐயா, ஆனால் ஆளுக்கு ஒரு விதமாகப் புரிகிறது. ஜூரோங்கில் நான் பார்த்துக்கொள்ளும் ஓர் இடத்தில், இரவு 11 மணிக்குத் தொடங்கும் விஎம் (மெய்நிகர் கணினி) பேக்கப் மறுநாள் மாலை வரை இழுத்துக்கொண்டிருந்தது. மொத்தம் 4 டிபி. 10 ஜிபிபிஎஸ் (வினாடிக்கு 10 கிகாபிட்) இணைப்பில், என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாகச் சேமிப்பகத்துக்குப் போகிறது. லாகைத் திறந்தால் வினாடிக்கு 60 எம்பியை (மெகாபைட்) சுற்றியே எண்கள். அந்தக் கணக்கில் முடிய 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சேமிப்பகம் விற்றவர் “வேகம் 10 ஜி, எங்கள் பக்கம் குறையில்லை” என்றார். நெட்வொர்க் பார்ப்பவர் ஐபெர்ஃப் என்ற அளவுக் கருவியை ஓட்டி 9.4 ஜிபிபிஎஸ் காட்டி “வேகம் சரியாக இருக்கிறது” என்றார். பேக்கப் பார்ப்பவர் “வேகமே இல்லை” என்றார். மூவரும் பொய் சொல்லவில்லை. முதலாமவர் சொன்னது பட்டையகலம் (பேண்ட்விட்த்), அதாவது இணைப்பு தாங்கக்கூடிய உச்ச அளவு. இரண்டாமவர் அளந்தது ஒரு நினைவகத்திலிருந்து இன்னொரு நினைவகத்துக்குப் போனது. வட்டு அதில் வரவே இல்லை. மூன்றாமவர் பார்த்தது வட்டில் எழுதி முடிந்தது.

பழுது இதுதான்: மென்பொருள் 64 கேபி துண்டுகளாக, ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றாக அனுப்பியது. என்எஃப்எஸ் சிங்க் முறையில் இருந்ததால், ‘வட்டில் பதிந்தது’ என்று ஒப்புதல் வந்த பிறகுதான் அடுத்த துண்டு கிளம்பும். போக, பதிய, திரும்பி வர எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1 மில்லிவினாடி. ஆக வினாடிக்கு ஆயிரம் துண்டு, 64 எம்பி. அவ்வளவுதான். இணைப்பை 25 ஜியாக உயர்த்தினாலும் இந்த எண் பெரிதாக அசையாது. வெள்ளிக்கிழமை மாலை உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: முகப்பில் ஒரு வண்டிக்கு எவ்வளவு நேரம், எத்தனை முகப்பு திறந்திருக்கிறது என்பதைப் பார்த்தால் போதும், பாலத்தின் அகலத்தைக் கேட்க வேண்டியதில்லை.

இரண்டு போர்ட்டை எல்ஏசிபியில் (பல இணைப்புகளை ஒன்றாகக் கட்டும் முறை) சேர்க்கலாம் என்ற வழக்கமான யோசனையும் வந்தது. ஒரே டிசிபி இணைப்பை அது இரண்டு கம்பியில் பிரித்து அனுப்பாது, அதனால் இங்கே பயனில்லை. கடைசியில், மின்சாரம் போனாலும் தரவை இழக்காத என்விஎம்இ (அதிவேகத் திண்மநிலை வட்டு) ஒன்றைச் சேமிப்பகத்தின் எழுது-லாகுக்கு ஒதுக்கினோம். ஒப்புதல் சீக்கிரம் வர ஆரம்பித்தது. அப்புறம் விஎம்களை ஒவ்வொன்றாக எடுக்காமல் நான்கு நான்காக எடுத்தோம். (சிங்க் முறையை அணைத்துவிடச் சொன்னவரும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். மின்தடை வந்தால், ‘வெற்றி’ என்று லாகில் இருக்கும் பேக்கப் வட்டில் முழுதாக இருக்காது.)

கையேட்டில் எனக்குத் தேவைப்படுவது இப்படி ஒரு வாக்கியம்: பட்டையகலம் தாராளம், சுணக்கம் (லேட்டன்சி) அதிகம், ஆகவே இன்னது குறைவு. அந்த ‘இன்னது’க்குத்தான் சொல் வேண்டும்.

‘வெளியீட்டு வீதம்’ என்றால், பேக்கப்பில் தரவு உள்ளே அல்லவா போகிறது? ‘செயல்திறன்’ ஏற்கெனவே பெர்ஃபாமன்ஸுக்குப் போய்விட்டது. ‘அலைக்கற்றை’யை 2ஜி விவகாரத்துக்குப் பிறகு யாரும் ஸ்பெக்ட்ரமிலிருந்து பிரிக்க முடியாது. நம் குழுவில் அக்கா சொன்ன ‘ஊடுகடப்பு’ பொருளில் மிகச் சரி. ஆனால் நள்ளிரவில் சர்வர் அறையிலிருந்து தொலைபேசியில் யாராவது “ஊடுகடப்பு இறங்கிவிட்டது” என்பார்களா?

என் முன்மொழிவு: சேர்வீதம். போய்ச் சேர்ந்த அளவை நேரத்தால் வகுத்தது. வினைத்தொகை என்பதால் நேற்றிரவு சேர்ந்ததற்கும் இப்போது சேர்வதற்கும் இனிச் சேரப்போவதற்கும் ஒரே சொல் போதும். சிங்கப்பூரில் பர்செண்டுக்கு ‘விழுக்காடு’ நிலைத்துவிட்டதால் ‘வீதம்’ இங்கே குழப்பாது.

அன்புடன்,
ஜூரோங்கிலிருந்து

*

தம்பி,

வேகத்தை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ‘சேர்ந்தது’ என்றால் மறுபடி அனுப்பிய பாக்கெட், ஹெடர் எல்லாம் கழித்துக் கைக்கு வந்ததுதானே? அது குட்புட் ஆயிற்றே. இன்னொன்று: பேக்கப் மென்பொருள் தரவைச் சுருக்கி அனுப்பும். அது காட்டும் எண் பெரும்பாலும் சுருக்குவதற்கு முந்தைய அளவு. கம்பியில் போனதைவிடப் பெரிய ‘சேர்வீதம்’ வந்தால் படிப்பவன் என்ன நினைப்பான்?

*

ஐயா,

எங்கே சேர்ந்தது என்பதை முன்னால் ஒட்டிவிடலாம்: கம்பிச் சேர்வீதம், வட்டுச் சேர்வீதம். குட்புட்டுக்கு ‘நிகரச் சேர்வீதம்’. சுருக்குவதற்கு முந்தைய எண்ணுக்கு இந்தச் சொல்லே வேண்டாம், ‘கையாண்ட அளவு’ என்று எழுதிவிட்டுப் போகலாம். ‘ஊடுகடப்பு’ சொல்லடைவில் இணைச்சொல்லாக இருக்கட்டும், அக்காவும் கோபிக்க மாட்டார்.

மறுப்பு இல்லையென்றால் வார இறுதியில் மூன்றாம் பகுதியைத் திருத்துகிறேன். எல்லா ‘வேக’த்தையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற மாட்டேன். வட்டு சுழல்கிற 7200 ஆர்பிஎம் இருக்கிறதே, அது வேகம்தான்.