மறு: கோவிட் வந்த தாய்க்குப் பிறந்த குழந்தையின் அழற்சிக்குப் பெயர்

நண்பர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் 'மல்டிசிஸ்டம் இன்ஃப்ளமேட்டரி சிண்ட்ரோம் இன் நியோநேட்ஸ்' எனப்படும் நோய்க்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். குழுவில் வந்த யோசனைகளுக்கு ஒவ்வொன்றாக என் பதில்.

> 'தாய்வழித் தொற்று அழற்சி' என்று வைத்துக்கொள்ளலாமே? காரணமும் பெயரிலேயே வந்துவிடுகிறது.

ஐயா, வரக்கூடாத காரணம் வந்துவிடுகிறது. தாய்வழி என்றால் நமக்குத் தாய்வழிப் பாட்டி, தாய்வழிச் சொத்துதான். மருத்துவமனைச் சீட்டில் இதைப் படிக்கும் மாமியார், மருமகளின் குடும்ப நோய் என்றே முடிவு கட்டுவார். மேலும், இந்தக் குழந்தைகளில் பலருக்குத் தொற்றே இருப்பதில்லை. மூக்குச் சளியில் வைரஸ் இல்லை. இரத்தத்தில் தாயின் எதிர்ப்பொருள், அதாவது கிருமியை எதிர்க்கத் தாயின் உடல் உருவாக்கிய புரதம், இருக்கிறது. கர்ப்பத்தில் தாய் உருவாக்கிய ஐஜிஜி என்ற வகை எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சேர்கிறது, ஐஜிஎம் என்ற வகை கடப்பதில்லை. அப்படிக் காக்க வந்த பொருளே சில குழந்தைகளிடம் அழற்சியைத் தூண்டிவிடுகிறது என்று கருதப்படுகிறது. ஆகவே 'தொற்று' என்ற சொல் குழந்தையோடு ஒட்டவே கூடாது.

> 'பிறவி' என்று தொடங்கினால் என்ன?

கர்ப்பிணிக்கு ருபெல்லா என்ற வைரஸ் தொற்று வந்து குழந்தையைப் பாதிக்கும் பிறவி ருபெல்லாவுக்கு அது பொருந்தும். அங்கே வைரஸே கருவுக்குள் புகுந்து கண்ணையும் காதையும் இதயத்தையும் கெடுக்கிறது. இங்கே நிகழ்வது வேறு. பிறந்து சில நாள் கழித்தும் தொடங்கலாம், சிகிச்சையில் தணியவும் செய்யும். நெருங்கிய உறவு தேடினால், தாயின் எதிர்ப்பொருளால் குழந்தையின் இதயத் துடிப்புக் கடத்தல் தடைப்படும் பச்சிளங்குழந்தை லூபஸைத்தான் சொல்லலாம்.

பெயரில் 'காய்ச்சல்' சேர்க்கச் சொன்னவருக்கும் ஒரு வார்த்தை. கோவிட்டை ஒட்டிச் சிறார்களுக்கு வரும் இதே வகை அழற்சிக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2020 மே மாதம் தந்த வரையறையில் மூன்று நாள் காய்ச்சல் கட்டாயம். ஆனால் 2021இல் மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மருத்துவர்கள் வெளியிட்ட தொகுப்பில் இருபது பச்சிளங்குழந்தைகளில் இருவருக்குத்தான் காய்ச்சல். இதயம் பாதிக்கப்பட்டவர்கள் 18 பேர். துடிப்பு ஒழுங்கின்மை, இரத்த ஓட்டம் குலையும் அதிர்ச்சி நிலை, இதயத் தமனி விரிவு என்று வந்திருக்கின்றன. எல்லோருக்கும் ஸ்டீராய்டும், இரத்தக் குழாய் வழியே ஏற்றும் எதிர்ப்பொருள் மருந்தான இம்யூனோகுளோபுலினும் கொடுத்தும் இருவர் இறந்தார்கள். காய்ச்சலைப் பெயரில் வைத்தால், காய்ச்சல் இல்லாத குழந்தையை 'இது அது இல்லை' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

> சுருக்கமாக 'பச்சிளம் பல்லழற்சி'?

பல்லே முளைக்காத குழந்தைக்கா? இதைப் பல் மருத்துவர்களிடமே விட்டுவிடுவோம்.

'மல்டிசிஸ்டம்' என்பதற்குச் சொல்லப்படும் 'பன்மண்டலம்' பற்றி. தமிழ்நாட்டில் நரம்பு மண்டலம், இலங்கையில் நரம்புத் தொகுதி. இந்த வழக்கை இங்கே தீர்க்க முடியாது, தீர்க்கவும் வேண்டியதில்லை. 'பல்லுறுப்புச் செயலிழப்பு' என்று நாளிதழ்கள் எழுதி எழுதி, 'பல்லுறுப்பு' எல்லோருக்கும் பழகிவிட்டது. உறுப்பும் மண்டலமும் ஒன்றல்ல என்று உடற்கூறியல் படித்தவர்கள் கோபிக்கலாம். கோபம் நியாயமானது, ஆனாலும் நான் பழகிய சொல்லின் பக்கம்.

சிண்ட்ரோமுக்கு 'நோய்த்தொகை' வேண்டாம்; காப்பீட்டு நிறுவனம் தரும் பணம் போல ஒலிக்கிறது. 'கூட்டறிகுறி' தெளிவாக இருக்கிறது.

என் முன்மொழிவு: பச்சிளங்குழந்தைப் பல்லுறுப்பழற்சிக் கூட்டறிகுறி. நீளம்தான். அன்றாடப் பேச்சுக்குப் 'பச்சிளம் பல்லுறுப்பழற்சி' போதும். தாயையும் கோவிட்டையும் பெயரில் திணிக்காமல் விளக்கத்தில் வைப்போம். அகராதிப் பதிவு இப்படி இருக்கலாம்:

'கர்ப்ப காலத்தில் தாய்க்குக் கோவிட் வந்துபோன பின், பிறந்து 28 நாளுக்குள் உள்ள குழந்தையின் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகளில், குறிப்பாக இதயத்தில், தோன்றும் அழற்சி. குருதி நச்சேற்றம் (செப்சிஸ்) போன்ற பிற காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்த பிறகே இப்பெயர் இடப்படும்.'

இலங்கை நண்பர்கள் 'பச்சிளங்குழந்தை'க்குப் பதில் 'சிசு' என்றே எழுத விரும்பினால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 28 நாள் என்ற வரம்பை விளக்கத்திலிருந்து எடுத்துவிட வேண்டாம்.