'அக்னாலட்ஜ்மென்ட்': மதிப்பெண் ஆப்பில் பெற்றோர் ஒப்பத்துக்கு என்ன சொல்?

தஞ்சாவூர், தமிழாக்கப் பணி:

வணக்கம். பள்ளி மதிப்பெண் ஆப் ஒன்றில் மூன்று நிலைகளுக்குச் சொல் வேண்டும். மதிப்பெண் பெற்றோர் போனுக்குப் போய்ச் சேர்ந்தது, அவர் திறந்தார், 'பார்த்தேன்' என்று பொத்தானை அழுத்தினார். இப்போது மூன்றுக்கும் 'பார்வையிடப்பட்டது' என்றே இருக்கிறது. 'சேர்ந்தது', 'திறந்தது', 'ஒப்பமிட்டது' சரியா?

மன்னார்குடி, ஆசிரியர்:

> ஒப்பமிட்டது

இது வேண்டாம் ஐயா. ஒப்பம் என்றால் கையெழுத்து. ஆப்பில் பதிந்த எண் அப்பாவுடையது, அவர் சிங்கப்பூரில் இருப்பார். ஆப்பில் நுழைவதற்கான ஓடிபி அங்கே போகும். நடவுக்குப் போன அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். பையனே அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் பேசி ஓடிபியை வாங்கிப் போட்டுவிடுவான். ரேங்க் கார்டில் அவன் கள்ளக் கையெழுத்துப் போட்டால், போன பருவக் கையெழுத்து மேல் வரியிலேயே இருப்பதால் வகுப்பாசிரியர் கண்டுபிடித்துவிடுவார். பாட்டி கைநாட்டு வைத்தாலும் அது பாட்டியுடையது. ஆப்பில் அந்த மேல் வரி கிடையாது. ஆப்பில் ஏற்றிய பிறகும் ஆசிரியர்கள் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால் அதைப் பழைய பழக்கம் என்று தள்ளாதீர்கள்.

திருவாரூர்:

அப்படியானால் 'ஒப்புகை'. பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையிலும் வாக்குப்பதிவின் ஒப்புகைச் சீட்டிலும் புழங்கிய சொல்தான். கிடைத்தது என்பதற்கு மட்டும் அடையாளம்; மதிப்பெண்ணை ஏற்றுக்கொண்டார் என்று ஆகாது.

இன்னொரு சிக்கல். வளரறி (பருவத்தின் நடுவே வைக்கும் மதிப்பீடு) 40க்கு 34, தொகுத்தறி (பருவ இறுதித் தேர்வு) 60க்கு 41. மொத்தம் 75, தரம் பி1. ஆசிரியர் 41ஐ 14 என்று தட்டிவிட்டால் 48, சி2 ஆகிவிடும். 'வரவில்லை' என்று குறிக்காமல் 0 போடுவதும் இதே ரகம். பெற்றோர் சி2வைப் பார்த்து அழுத்தியபின் ஆசிரியர் திருத்தினால், பழைய ஒப்புகை புது மதிப்பெண்ணுக்கும் ஒட்டிக்கொண்டு நிற்கும். திருத்தியதும் அது தானாக விழ வேண்டும். அடுத்து வாங்குவது 'மறுஒப்புகை'. (புணர்ச்சிப்படி 'மறுவொப்புகை' என்று திருத்த வருபவர்கள் பொறுத்தருள்க.)

தஞ்சாவூர், தமிழாக்கப் பணி:

ஒப்புகை எனக்கும் உடன்பாடு. பட்டன் போனுக்குக் குறுஞ்செய்திதான் போகும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70. புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியே எண்ணப்படும். 'பார்வையிடப்பட்டது' மட்டுமே 17ஐத் தின்னும். 'ஒப்புகை' 7, 'மறுஒப்புகை' 10. மிச்ச இடத்தில் மாணவர் பெயர், பாடம், மதிப்பெண் மூன்றும் அடங்கும்.

பொத்தானில் மட்டும் 'பார்த்தேன்' என்றே இருக்கட்டும். 'ஒப்புகை அளிக்கவும்' என்று போட்டால் மின்கட்டண நோட்டீஸ் என்று நினைத்து மூடிவிடுவார்கள்.

மன்னார்குடி, ஆசிரியர்:

சரி. அம்மா எண்ணையும் இரண்டாவதாகச் சேர்க்க ஒரு கட்டம் வையுங்கள். யார் எண்ணிலிருந்து ஒப்புகை வந்தது என்பதை ஆசிரியர் திரையில் காட்டுங்கள்.