புது ப்ரூவரிக்குப் போய் வந்தவர்கள், மனதில் தங்கிவிட்ட ஒரு கிளாஸைப் பற்றிச் சொல்லுங்கள்

நுரைப்பித்தன்:
நானே ஆரம்பிக்கிறேன், இரண்டு மாதமாக உறுத்துகிறது. எங்கள் பக்கம் கிராஃப்ட் ப்ரூவரி (சின்ன அளவில் பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றித் தருகிற இடம்) திறந்த மூன்றாவது வாரம் போனேன். மரப்பலகையில் ஆறு சின்னக் கிளாஸ்கள். முதல் இரண்டும் பரவாயில்லை. மூன்றாவது லாகர், குளிரில் மெதுவாக நொதிக்கவிடுகிற பீர். மூக்கருகே கொண்டு போனதுமே உருக்கிய வெண்ணெய் வாசம். ஒரு மடக்கு குடித்தால் நாக்கில் எண்ணெய் தடவியது போல வழுக்குகிறது. டைஅசிட்டைல்தான், நொதிக்கும்போது உண்டாகிற வெண்ணெய் வாசப் பொருள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டியில் இன்னும் சில நாள் விட்டிருந்தால் ஈஸ்டே அதைத் தின்று தீர்த்திருக்கும். திறப்பு விழா அவசரம் போல.

அந்த நேரம் பார்த்து, பீர் காய்ச்சுகிற பையனே மேசைக்கு வந்துவிட்டான். ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை ஈரம். “லாகர் எப்படி இருக்கு சார்? முதல் பேட்ச்” என்றான். நான் “பிரமாதம்பா” என்றேன். சும்மா நல்லா இருக்கு என்றாவது நிறுத்தியிருக்கலாம். அவன் முகமெல்லாம் சிரிப்பாகப் போய், ஒரு பெரிய கிளாஸ் நிறைய அதையே பிடித்து வந்து, “இது நம்ம கணக்கு சார்” என்று வைத்துவிட்டான். தொட்டிப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே வேறு இருந்தான். கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

ஹாப்ஸ்காரி:
நான் வாயைத் திறந்து மாட்டிக்கொண்டவள். ஹெஃபவைட்சன் என்று ஒரு கோதுமை பீர். குடித்தால் அப்பட்டமான வாழைப்பழம், பின்னாலேயே கிராம்பு. கவுண்டரில் இருந்த பெண்ணிடம், “எசன்ஸ் ஊத்தி விக்கிறதுக்குப் பேர் கிராஃப்ட் பீரா?” என்று கேட்டுவிட்டேன். சத்தமாகத்தான்.

அவர் பதில் பேசவில்லை. உள்ளே போய் ஒரு குடுவையில் கலங்கலாக ஏதோ கொண்டு வந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். தொட்டி அடியிலிருந்து எடுத்த ஈஸ்ட் வண்டல். அதே வாழைப்பழம், அதே கிராம்பு. பழமும் இல்லை, எசன்ஸும் இல்லை, அந்த வகை ஈஸ்ட் நொதிக்கும்போது தானாகவே உண்டாக்குகிற மணம் என்பது அப்புறம் வீட்டில் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. குடுவையை எனக்குப் பின்னால் நின்றவரிடமும் நீட்டினார் பாருங்கள், வரிசை முழுக்க ஒவ்வொருவராக முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் இன்னும் போகவில்லை.

பழைய பீப்பாய்:
நுரைப்பித்தன், கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் அந்தப் பையனுக்குச் செய்தது துரோகம். அதோடு, அவசரமாக இறக்கியதுதான் காரணம் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? பீர் வரும் குழாயைச் சரியாகக் கழுவாவிட்டால் அதில் பாக்டீரியா குடியேறும், அதுவும் இதே வெண்ணெய் வாசத்தைக் கொண்டுவரும். லேசான புளிப்பும் சேர்ந்து வந்ததா? வந்திருந்தால் குழாயைத்தான் சந்தேகப்பட வேண்டும். இதைக்கூடப் பார்க்காமல் ஈஸ்ட் மேல் பழி போடுகிறீர்கள்.

பொதுவாகவே சொல்கிறேன். வெளிர் நிற பீரில் தொடங்குங்கள், கசப்பான ஐபிஏ வகை பீரும் கனமான கறுப்பு ஸ்டவுட்டும் கடைசியில். நடுநடுவே தண்ணீர். பீர் ஊற்றிய கிளாஸின் உள்சுவரில் குமிழிகள் கொத்தாக ஒட்டியிருந்தால் கிளாஸ் அழுக்கு, கூச்சப்படாமல் மாற்றித் தரச் சொல்லுங்கள். சில்லென்று இருக்கும்போது குறை தெரியாது, உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் சூடேறவிட்டு முகருங்கள். கறுப்பாக இருந்தாலே போதை அதிகம் என்று நினைக்காதீர்கள், நிறம் வறுத்த தானியத்தால் வருவது. 4 சதவீத ஸ்டவுட்டும் உண்டு, 8 சதவீதத்தில் பொன்னிற பீரும் உண்டு. புது ப்ரூவரியில் முதலில் ஏல் கேளுங்கள், அது சீக்கிரம் தயாராகிற பீர். லாகர் குளிரில் வாரக்கணக்கில் தொட்டியை அடைத்துக்கொண்டு கிடக்க வேண்டும், புதிதாகத் தொடங்கியவர்களுக்கு அந்தப் பொறுமை கட்டுப்படியாகாது. வண்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள், சின்னக் கிளாஸ் ஆறு சேர்ந்தால் சின்ன அளவு இல்லை.

என் அனுபவமா? ஒருமுறை ஸ்டவுட்டை முதலில் குடித்துவிட்டு, அடுத்து வந்த பில்ஸ்னரை, வெளிர் நிற லாகர் அது, “தண்ணி மாதிரி இருக்கு” என்று திருப்பி அனுப்பினேன். அவ்வளவுதான்.

ஹாப்ஸ்காரி:
பீப்பாய் அண்ணா, அனுபவம் இரண்டு வரி, உபதேசம் இரண்டு பக்கம். அவர் அவசரமாக இறக்கியதைச் சொல்கிறார், நீங்களே புதியவர்களுக்கு லாகர் காய்ச்சப் பொறுமை இருக்காது என்கிறீர்கள். அப்புறம் எதற்குச் சண்டை?

ஆறாவது கிளாஸ்:
நைட்ரஜன் ஏற்றிய ஸ்டவுட் ஊற்றுவதை யாராவது பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? குமிழிகள் கீழ்நோக்கி இறங்கும். சத்தியமாக. போதை ஏறிவிட்டது என்று பயந்து கிளாஸைத் தள்ளி வைத்தேன். அதற்கு முன் குடித்தது ஒரே ஒரு மடக்கு. பக்கத்து ஸ்டூலில் இருந்த பெரியவர், “நடுவுல மேல போகுது தம்பி, அது நமக்குத் தெரியாது. ஓரத்துல பீர் கீழ இறங்குறப்ப பொடிக் குமிழியையும் இழுத்துட்டுப் போகுது” என்றார். இருவரும் குடிக்காமல் அது அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம். ருசி எப்படி என்று கேட்டால் ஞாபகம் இல்லை.

நுரைப்பித்தன்:
பீப்பாய் சார், புளிப்பு இல்லை. வெண்ணெய் மட்டும்தான். ஆனாலும் நீங்கள் திட்டியதில் நேற்று உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பிப் போனேன். லாகர் குழாயின் கைப்பிடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். பலகையில் அதன் பெயருக்கு மேல் சாக்கட்டியால் ஒரு கோடு. பையன் இருந்தான். என்னை அடையாளம் தெரிந்து ஓடி வந்து, “அந்த லாகரைப் பிடிச்சிருக்குன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான் சார்” என்றான்.