ஊசி போட்டதில் தோள் கெட்டால் தடுப்பூசி நிதியிலிருந்து பணம் தருவது சரியா? (அமெரிக்கா)

கதிரொளி:
அமெரிக்காவில் ஃப்ளூ ஊசி போட்டுத் தோள்பட்டை கெட்டுப்போனால் அரசின் தடுப்பூசி இழப்பீட்டு நிதியிலிருந்து பணம் கிடைக்கிறது. ‘சிர்வா’ என்கிற இந்தக் காயத்தை 2017-ல்தான் இழப்பீடு தரும் காயங்களின் அட்டவணையில் சேர்த்தார்கள், இப்போது மனுக்கள் குவிகின்றன. எனக்கு இது சரியாகப் படவில்லை. மருந்தில் குறையே இல்லை, போட்டவர் ரொம்ப மேலே குத்திவிட்டார், அவ்வளவுதான். ஒவ்வொரு டோஸுக்கும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் என்று வரி வாங்கிச் சேர்த்த பணம் இதற்கா?

மலர்விழி:
அவ்வளவுதானா? தசைக்குப் போக வேண்டிய மருந்து தோள் மூட்டை ஒட்டிய பர்சா என்கிற திரவப் பைக்குள் போனால் என்ன ஆகும் தெரியுமா? என் அக்காவுக்கு ஒரு மருந்துக்கடையில் போட்டார்கள். அன்று ராத்திரியே வலி ஆரம்பித்தது, மாதக்கணக்கில் தலை சீவக்கூட கை தூக்க முடியவில்லை.

கதிரொளி:
வருத்தமாக இருக்கிறது. ஆனால் தப்பு செய்தவர் மேல்தானே வழக்குப் போட வேண்டும்?

மலர்விழி:
வழக்குகளுக்குப் பயந்து கம்பெனிகள் தயாரிப்பையே கைவிட ஆரம்பித்ததால்தான் 1986-ல் இந்த இழப்பீட்டுச் சட்டமே வந்தது. ஊசி போடுகிறவருக்கும் அதே பயம் வந்தால் அப்புறம் யார் போடுவார்கள்? அட்டவணையிலிருந்து சிர்வாவை நீக்க 2021 ஜனவரியில் விதி கொண்டுவந்து, ஏப்ரலிலேயே ரத்து செய்தார்கள்.

செவ்வந்தி (செவிலியர்):
கேட்டவுடன் யாருக்கும் கொடுத்துவிடுவதில்லை, கதிரொளி. 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும், அந்தத் தோளில் முன்பு பிரச்சினை இருந்திருக்கக் கூடாது, பாதிப்பு பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், அறிகுறி தெரிந்து மூன்று வருடத்துக்குள் மனு போட வேண்டும். வலி, வேதனைக்கான தொகைக்கும் 2,50,000 டாலர்தான் உச்சவரம்பு.

கதிரொளி:
தோற்றாலும் வக்கீலுக்கு ஃபீஸ் கிடைக்குமே, அதைச் சொல்லவில்லையே?

மலர்விழி:
நியாயமான அடிப்படை இருந்தால் மட்டும்தான். இந்த நிதி இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று கோவிட் ஊசியைப் பாருங்கள், அதற்கு வேறு திட்டம். ஒரே வருடம்தான் கெடு, வக்கீல் செலவும் கிடையாது, வலிக்கென்று ஒரு காசும் கிடையாது. தோள் மட்டும் இரண்டிலும் ஒரே மாதிரிதான் கெடுகிறது!

கதிரொளி:
சரி, பணம் கொடுக்கட்டும். ஆனால் போட்டவர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று அந்த 1986 சட்டமே சொல்கிறது. பெயர் கையில் இருந்தும் அந்தக் கடை ஒரு டாலர்கூடக் கட்டாமல் தப்பிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

செவ்வந்தி:
கடையிடம் வசூலிப்பதைவிடப் பயிற்சியைக் கட்டாயமாக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்திருப்பவருக்கு நின்றபடியே போடுகிறார்கள், சட்டைக் கையை முழுசாக ஏற்றாமல் கழுத்துப் பக்கம் இழுத்துவிட்டுப் போடுகிறார்கள். ஊசி மேலே போவது பெரும்பாலும் அப்படித்தான்.