குரங்குக்கு கோட்டு போட்டு தேயிலை விளம்பரம் எடுக்கச் சொல்றாங்க, செய்யலாமா?

கொட்டகலை எடிட்டர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் கல்யாண வீடியோ, பேர்த்டே, பேஸ்புக்குக்கு சின்னச்சின்ன விளம்பரம்னு எடிட் பண்ணி பிழைக்கிறவன். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா ரோட்டுல தேயிலை பக்கெட் விக்கிற ஒருத்தரு ஒரு நிமிஷ விளம்பரம் கேட்டிருக்காரு. கதை என்னன்னா குரங்கு ஒன்னு கோட்டு தொப்பியெல்லாம் மாட்டி அந்தக் காலத்து வெள்ளக்கார துரை மாதிரி பங்களா வாசல்ல உக்காந்து கப்புல தேத்தண்ணி குடிக்கணுமாம், குடிச்சிட்டு பல்லக் காட்டி சிரிக்கணுமாம், பின்னால ஒரு வெள்ளக் குதிரை உடம்புல கடை பேரு பெயின்ட் பண்ணி நடந்து போகணுமாம். குரங்கு அவருக்கு தெரிஞ்ச ஆளுகிட்ட இருக்கு, குட்டியில இருந்தே கட்டி வளர்க்கிறாராம். அடிக்க கிடிக்க மாட்டீங்கதானேன்னு கேட்டேன், சேச்சே பிஸ்கட் குடுத்தா எல்லாம் செய்யும்னாரு. சல்லியும் நல்ல சல்லி, ஆனா மனசு ஒப்பல. இதுல நெசமாவே பிரச்சினை இருக்கா இல்ல நான்தான் சும்மா யோசிக்கிறனா? இந்தியப் படத்துல போடுவாங்களே எந்த மிருகமும் துன்புறுத்தப்படவில்லைன்னு, அந்த மாதிரி கீழ ஒரு வரி போட்டா சரி வருமா?

லிந்துலை மச்சான்:
எல்லாத்துக்கும் பயந்தா தொழில் செய்ய ஏலாது தம்பி. அடிக்கல, பட்டினி போடல, பிஸ்கட் குடுக்கிறாங்க, வேற என்ன வேணும். எங்க வீட்டுப் பின்னால போட்ட போஞ்சி, கரட் ஒன்னு மிச்சமில்ல குரங்கால, 2023ல ஒரு லட்சம் குரங்க சீனாவுக்கு அனுப்பப் போறம்னு விவசாய அமைச்சரே சொன்னாரு, அந்தக் குரங்குக்கு நீங்க நலன் பாக்குறீங்க. இன்னொன்னும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நம்ம அம்மாமார வெத்துக் காலோட மலையில நிறுத்தி, புதுச் சேலை கட்டி, கூடைய மாட்டி, சிரி சிரின்னு சொல்லி எத்தன கம்பெனி படம் எடுத்திருக்கு. அட்டை கடிச்ச கால யாராவது காட்டினாங்களா? அதுக்கு ஒரு பய கேள்வி கேக்கல, குரங்குன்னதும் மனசு ஒப்பலயாம்.

ஹட்டன் அக்கா:
லிந்துலை தம்பி சொன்ன ரெண்டாவது விசயம் நூத்துக்கு நூறு சரி, அதுக்கு தனியா ஒரு பதிவே போடலாம். ஆனா நம்மாளுக்கு நடந்தது அநியாயம்னா குரங்குக்கு நடக்கிறது நியாயம்னு ஆகிடாது. சீனா கதையும் பாதிதான் சொன்னீங்க, அது கோர்ட்டுக்குப் போயி கடைசில அனுப்பலன்னு அரசாங்கமே சொல்லிருச்சு.

நான் மிருக வைத்திய காரியாலயம் ஒன்னுல வேலை செஞ்சவ, அதனால எடிட்டர் தம்பிக்கு கொஞ்சம் விளக்கமா எழுதறேன். முதல்ல அந்த சிரிப்பு. நம்ம ஊரு செங்குரங்கு பல்லக் காட்டினா சந்தோசத்துல இல்ல, எதிர்ல நிக்கிற பெரிய ஆளுக்குப் பயந்து "ஒன்னும் செஞ்சிராத"ன்னு காட்டுறது. உதடு பின்னால இழுத்து ரெண்டு வரிசைப் பல்லும் தெரியும், நாம அதப் பாத்து ஐயோ சிரிக்குதுன்னு போன தூக்கிறோம். கேமராவுக்கு முன்னால அத திரும்பத் திரும்ப செய்ய வைக்கணும்னா திரும்பத் திரும்ப பயமுறுத்தணும், கையக் காலத் தொட வேணாம், பின்னால கம்பு வச்சுக்கிட்டு ஒருத்தர் நின்னாலே போதும். பிஸ்கட்டுன்னு சொல்றாரே, அது கன்னத்துப் பையில அடைச்சிக்கிட்டு ஓடத்தான் பாக்கும், கோட்டு போட்டுக்கிட்டு சும்மா உக்காராது. குட்டிய தாய்கிட்ட இருந்து எப்பிடி எடுத்தாங்கன்னும் கேட்டுப் பாருங்க, தாய் சும்மா குடுக்காது. கூட்டமா வாழ்ற பிராணி, இடுப்புல கயிறோட தனியா வளந்தா ஒன்னு கடிக்கும் இல்லன்னா ஒரே இடத்துல நின்னு ஆடிக்கிட்டே இருக்கும். உங்க கெமராக்காரரு கடி வாங்கினா ஊசிக்கு அலையப் போறதும் நீங்கதான்.

உங்க கஸ்டமர் யோசிச்சது புதுசும் இல்ல. இங்கிலாந்துல பிஜி டிப்ஸ் தேயிலைக்கு 1956லயே சிம்பன்சிக்கு சட்டை போட்டு தேத்தண்ணி குடிக்க வச்சு விளம்பரம் எடுத்தாங்க, நாப்பது வருசத்துக்கு மேல ஓடுச்சு, நல்லா வித்துச்சு. நடிச்சதுல நிறைய ட்விக்ராஸ் மிருகக்காட்சிசாலை சிம்பன்சிங்க. மனுசங்களோடயே வளந்ததால பிறகு சில சிம்பன்சிக்கு தன் இனத்தோட சேந்து இருக்கவே கஷ்டமாப் போச்சு. கடைசியா இருந்தது 2016லதான் செத்துச்சு. விளம்பரம் ஒரு நிமிஷம், மிச்சத்த அதுதானே அனுபவிக்கணும்.

கீழ ஒரு வரி போட்டா சரி வருமான்னு கேட்டீங்க, அதுக்கு சட்டத்தையும் சொல்றேன். நம்ம நாட்டுல மிருக வதைக்கு 1907ல வெள்ளக்காரன் போட்ட கட்டளைச் சட்டம்தான், 100 ரூபா அபராதம்னு எழுதின காலத்துச் சட்டம். 2006ல புதுச் சட்டத்துக்கு வரைவு எழுதி, அது வருசக்கணக்கா இழுபட்டுச்சு. யானைக்கு மட்டும் 2021ல விதி கொண்டு வந்தாங்க, அரசாங்கத் தயாரிப்புன்னா மட்டும் படத்துல நடிக்க வைக்கலாம், அதுவும் மிருக வைத்தியர் கண்காணிப்புல. இந்தியாவுல 2001 விதிப்படி மிருகத்த நடிக்க வைக்கணும்னா முன்னாலயே பதிவு செய்யணும், விலங்கு நல வாரியத்துகிட்ட அனுமதி எடுக்கணும், அது தவிர தனித் தடை ஒன்னுல குரங்கு, கரடி, புலி, சிங்கமெல்லாம் வித்தை காட்டவே கூடாது. அந்த வரி அங்க போடுறதுக்குப் பின்னால ஒரு பைலே இருக்கு. நீங்க யாருகிட்டயும் கேக்காம, யாரும் வந்து பாக்காம அதப் போட்டா அது சும்மா எழுத்து, உங்க பேரும் அதோட ஒட்டிக்கிரும்.

ரேஸ்கோர்ஸ்:
அக்கா குரங்க சொல்லிட்டாங்க, நான் குதிரைய சொல்றேன். எங்க மாமா குதிரை வச்சிருக்காரு, கிரகரி ஏரிப் பக்கம் சவாரிக்கு விடுறவரு. குதிரைக்கு உடம்பு பூரா வேர்க்கும், சூட்ட இறக்கிக்கிறதே அப்பிடித்தான், அதுல பெயின்ட் அடிச்சு மூடாதீங்க. ஹார்ட்வெயார்ல வாங்கின பெயின்ட்ட கழுவவும் ஏலாது, பிறகு மண்ணெண்ண போட்டுத் தேப்பாங்க, தோல் வெந்து போகும். நம்ம ஊரு மழைக்கு கண்ணுக்குள்ள வேற வழியும். பேரு தெரியணும்னா ஒரு துணியில பிரின்ட் பண்ணி சேணத்துக்கு அடியில போடுங்க, முடிஞ்சுது வேலை. ட்ரோன தலைக்கு மேல கொண்டு போகாதீங்க, அந்த ர்ர்ர் சத்தத்துக்கு முதல்ல காது ரெண்டும் பின்னால படுக்கும், அதப் பாத்த உடனே நிப்பாட்டிருங்க, இல்லன்னா ஈரத் தார் ரோட்டுல லாடம் வழுக்கி குதிரையும் விழும் பிடிச்சிருக்கிற பொடியனும் விழுவான். சீசன்ல காலையில இருந்து சவாரி ஓடின குதிரைய பின்னேரம் ஷூட்டிங்குக்கு கேக்காதீங்க, மார்ச்லயே எடுத்துருங்க. அதுக்குன்னு குதிரையே வேணாம்னு நான் சொல்ல மாட்டேன், எங்க வீட்டு சோறு அது.

ஹப்புத்தளை காத்து:
எனக்கு ஹட்ச் போன் கம்பெனி விளம்பரத்துல வந்த நாய் ஞாபகம் வருது. 2003ல இந்தியாவுல அந்த சின்னப் பொடியன் பின்னாலயே பக் நாய் ஓடுற விளம்பரம் வந்ததும் ஆளாளுக்கு பக் வாங்கினாங்க. பாவம் அதுக்கு மூக்கே இல்ல, மூச்சு விடவே போராடும், தூங்கிறப்போ குறட்டைய கேட்டா தெரியும். அந்த நாய யாரும் அடிக்கல, ஆனா அதப் பாத்து எத்தன வீட்டுக்கு மூச்சு முட்டுற நாய் போச்சு. 2018ல பிரித்தானிய மிருக வைத்தியர் சங்கமே தட்டை மூஞ்சி நாய விளம்பரத்துல போடாதீங்கன்னு கம்பெனிங்கள கேட்டுச்சு.

கொட்டகலை எடிட்டர்:
எல்லாருக்கும் நன்றி. கடைக்காரர்கிட்ட கதைச்சேன். குதிரைக்கு துணிக்கு சரின்னுட்டாரு, பெயின்ட் செலவு மிச்சம்னு சந்தோசம் வேற. குரங்கு கட்டி வச்சிருக்கிற எடத்தையும் போய் பாத்தேன், தகரக் கொட்டிலுக்குப் பக்கத்துல ஒரு கட்டை, அதச் சுத்தி கயிறு நீளத்துக்கு வட்டமா புல்லே இல்ல. குரங்க எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். அதுக்கு அவரு சொல்றாரு, அப்ப ஏஐல செய், நெசக் குரங்கு இல்லதானே, யாருக்கு என்ன நட்டம்னு. அது ஓகேதானே?

ஹட்டன் அக்கா:
முந்தினதுக்கு இது எவ்வளவோ மேல் தம்பி. ஆனா ஹப்புத்தளை சொன்னத திரும்ப வாசிங்க. 2011ல அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல ஒரு ஆய்வு செஞ்சாங்க, சட்டை போட்ட சிம்பன்சி வர்ற விளம்பரத்தப் பாத்தவங்க சிம்பன்சிய காப்பாத்த குறைவாத்தான் சல்லி குடுத்தாங்க, வீட்டுல வளக்கலாம்னு நெனைக்கிறதும் கூடிச்சு. ஏஐ குரங்கு கோட்டோட தேத்தண்ணி குடிச்சாலும் பாக்கிற பிள்ளை எனக்கும் ஒன்னு வேணும்னுதான் அழும், பிறகு யாராவது ஒரு குட்டிய பிடிக்கத்தான் காட்டுக்குப் போவான். துரை வேசம்தான் வேணும்னா ஒரு மனுசனுக்கே போடுங்க.

லிந்துலை மச்சான்:
துரை வேசத்துக்கு நான் வாறேன். கோட்டு என்கிட்ட இருக்கு, தொப்பி நீங்க பாருங்க. சம்பளம் குரங்குக்குப் பேசினதே போதும், பிஸ்கட் வேணாம்.

கொட்டகலை எடிட்டர்:
அண்ணே இன்பொக்ஸ் வாங்க 😄