டர்னரா, புது சிஎன்சி டிரேடா? தம்பியை எதில் சேர்க்கலாம்?

வேலூர்க்காரி:
தம்பி பத்தாவது முடித்துவிட்டான், ஐடிஐதான் போவேன் என்கிறான். பக்கத்து அரசு ஐடிஐயில் லேத்தில் உலோகம் கடையக் கற்றுத்தரும் டர்னரும் இருக்கிறது, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷினுக்கான அட்வான்ஸ்டு சிஎன்சி மெஷினிங் டெக்னீஷியன் என்று புது டிரேடும் (பாடப்பிரிவும்) இருக்கிறது, இரண்டுமே 2 வருடம். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் நவீனமாக மாற்றினார்களே, அதில் வந்தது. அப்பா 25 வருடம் லேத்தில் நின்றவர், ஸ்கிரீனைப் பார்த்து என்னத்தைக் கற்பான் என்கிறார். தம்பியோ அரம் பிடித்துத் தேய்க்கிற காலமெல்லாம் போச்சு என்கிறான். தினம் சண்டை. யார் சொல்வது சரி?

நைட் ஷிஃப்ட்:
புது டிரேடிலேயே சேர்த்துவிடுங்கள் அக்கா. ஆனால் அப்பா சொல்வதிலும் பாதி உண்மை. நான் சிமுலேட்டரில்தான் புரோகிராம் பழகினேன். வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம், டூல் ஜாப்புக்கு (கடையும் துண்டுக்கு) 5 மில்லிமீட்டர் முன்னால் வந்து நிற்கட்டும் என்று ஜி00 வரியில் இசட்5 என்று அடித்தேன், புள்ளி வைக்கவில்லை. பழகிய சிமுலேட்டர் அதை 5 மில்லிமீட்டர் என்றே எடுத்துக்கொள்ளும், கம்பெனி மெஷினிலோ புள்ளி இல்லாவிட்டால் அது 5 மைக்ரான், அதாவது 0.005 மில்லிமீட்டர். ஜி00 என்றால் முழு வேகம் வேறு. ஃபேசிங் (முகத்தைச் சீவிச் சமமாக்குவது) போடாத ஜாப், முகத்தில் இன்னும் 2 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. டூல் அதில் போய் இடித்து, அதன் வெட்டுமுனையான இன்செர்ட் சில்லு சில்லாகத் தெறித்தது. சிமுலேட்டரில் இடித்தால் சிவப்பாகக் காட்டும், ரீசெட் அடித்தால் முடிந்தது. இங்கே இரண்டு நாள் சூப்பர்வைசர் முகத்தையே பார்க்க முடியவில்லை.

ஐடிஐ வாத்தியார்:
புள்ளிக் கதை எங்கள் பையன்களுக்கும் சொல்ல வேண்டியதுதான்! சிமுலேட்டரைக் குறை சொல்ல மாட்டேன், 20 பேருக்கு ஒரு மெஷின் இருந்தால் ஆளுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? என் கவலை வேறு. தியரி பரீட்சை கம்ப்யூட்டரில், கிண்டி நிமியின் (ஐடிஐ பாடப்புத்தகம் தயாரிக்கும் நிறுவனம்) மாதிரித் தேர்வு போனில், பையன்கள் கேள்விகளை மனப்பாடம் பண்ணி நல்ல மார்க் வாங்கிவிடுகிறார்கள். நுண்ணிய அளவெடுக்கும் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தால், அழுத்தம் போதுமானதும் நழுவிவிடும் ராட்செட்டை விட்டுவிட்டு, உருளையான திம்பிளைப் பிடித்து முறுக்குகிறார்கள். இறுக்கினால் அளவு குறைவாகக் காட்டும், அதை நம்பி மெஷினில் ஆஃப்செட்டை (டூலுக்கான திருத்த அளவை) கூட்டினால் அடுத்த ஜாப் தடித்துப்போகும். ஸ்கிரீன் இதைக் கண்டுபிடிக்காது, நீங்கள் கொடுத்த எண்ணைத்தான் அது நம்பும். அரம் பிடிப்பதும் இதற்குத்தான் தம்பி, கைக்கு அளவு தெரிய.

சேர்க்கும் முன் நேரில் போய் சிஎன்சி மெஷின் டிரேயில் வெட்டிய உலோகச் சுருள் கிடக்கிறதா என்று பாருங்கள். பளபளவென்று காலியாக இருந்தால் யோசியுங்கள்.

நைட் ஷிஃப்ட்:
சார் 😂 வேலைக்குச் சேரும்போதும் இதைத்தான் பார்க்கணும்.

வேலூர்க்காரி:
நேற்று அப்பாவையே கூட்டிப்போனேன். நேராக டிரேயில் குனிந்து ஒரு சுருளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அலுமினியம்தானே ஓட்டுகிறீர்கள், எஃகு எப்போது?" என்று அங்கிருந்த சாரையே கேட்டுவிட்டார். அவர் இரண்டாம் வருடம் என்றார். சரி, விண்ணப்பம் போட்டாச்சு. வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து அவருடைய பழைய மைக்ரோமீட்டரை இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறார், தம்பி இன்னும் அதைத் தொடவில்லை.