ஓட்ஸ் விசுக்கோத்து தட்டில் பரவி ஒன்றாக ஒட்டிவிடுகிறது: எங்கே பிழை?

கேள்வி: கிளிநொச்சி இல்லத்தரசி

அனைவருக்கும் வணக்கம். கடையில் வாங்கும் கிறீம் விசுக்கோத்தைக் குறைத்து, மகளின் பாடசாலை இடைவேளைக்கும் சலரோகம் உள்ள என் மாமாவின் பின்னேரத் தேநீருக்கும் ஓட்ஸும் முந்திரிகை வற்றலும் (நாங்கள் கடையில் பிளம்ஸ் என்று கேட்டு வாங்குவது) சேர்த்து வீட்டிலேயே விசுக்கோத்துச் செய்ய விரும்பினேன். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைச் சிறிது தண்ணீரில் உருக்கி வடித்து, அந்தப் பாகு ஆறுவதற்கு முன்பே பட்டருடன் அடித்து, ஒரு முட்டை, ஓட்ஸ், ஆட்டா மா, ஒரு தேக்கரண்டி அப்பச் சோடா ஆகியவற்றைக் கலந்து மின் போறணையில் வைத்தேன். உருண்டைகள் ஐந்து நிமிடத்திலேயே பரவி ஒரே தகடாகிவிட்டன. மேலே தெரிந்த வற்றல்கள் கருகிக் கசந்தன, வாயில் சவர்க்காரம் போன்ற ஒரு சுவையும் நின்றது. இரண்டு முறை செய்தும் இதே நிலைதான். எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: வவுனியா, வெதுப்பகத்தில் வேலை செய்தவர்

வணக்கம் சகோதரி. உங்கள் அளவுகளை விட, கலவையின் சூடுதான் முதற் காரணம். பட்டர் ஏறத்தாழ 32 முதல் 35 பாகை செல்சியசில் உருகிவிடும். வன்னியின் வெயிற்காலத்தில் குசினியின் வெப்பமே அதை நெருங்கி நிற்கும்போது, சூடான பாகையும் ஊற்றினால் பட்டர் போறணைக்குப் போகும் முன்பே எண்ணெயாகிவிடுகிறது. மாவும் ஓட்ஸும் வெந்து இறுகுவதற்குள் அது ஓடிவிடுவதால்தான் உருண்டைகள் தட்டையாகின்றன.

ஆகையால் பனங்கட்டியை உருக்காதீர்கள். குட்டானிலிருந்து எடுத்து, தண்ணீர் சேர்க்காமல் துருவிப் பயன்படுத்துங்கள். கலந்து முடித்ததும் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். அந்த நேரத்தில் பட்டர் இறுகுவதோடு, ஓட்ஸும் முட்டையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இந்த ஓய்வைத் தவிர்த்துவிட்டு நல்ல ஓட்ஸ் விசுக்கோத்தை நான் ஒருநாளும் எடுத்ததில்லை.

சவர்க்காரச் சுவைக்குக் காரணம் சோடா. புளிப்புள்ள பொருள் ஒன்று இருந்தால்தான் அது முழுமையாகப் பொங்கித் தீரும். இல்லாவிட்டால் எஞ்சி நின்று அந்தச் சுவையைத் தரும். மேலைநாட்டுச் செய்முறைகளில் சிவப்புச் சீனியில் உள்ள பாகின் இலேசான புளிப்பு அதற்குத் துணை நிற்கிறது. பனங்கட்டி காய்ச்ச இறக்கும் கருப்பநீர் புளித்துவிடாதிருக்க முட்டியில் சுண்ணாம்பு பூசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. எனவே பனங்கட்டியில் அந்தப் புளிப்பை எதிர்பார்க்க முடியாது. புளிப்பும் சோடாவும் சேர்ந்தே இருக்கும் பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி போதும், அப்பச் சோடா வேண்டாம்.

நான் வீட்டிற்குச் செய்யும் அளவு இது: ஓட்ஸ் 150 கிராம், ஆட்டா மா 90 கிராம், பட்டர் 100 கிராம், துருவிய பனங்கட்டி 80 கிராம், வற்றல் 75 கிராம், முட்டை 1, உப்புக் கால் தேக்கரண்டி, கறுவாத் தூள் அரைத் தேக்கரண்டி. வற்றலைச் சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்த பின் சேருங்கள். ஊறாத வற்றல் விசுக்கோத்தின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மேலே துருத்தி நிற்பது கருகும். இருபது உருண்டைகளாக்கி, இடைவெளி விட்டு அடுக்கி, இலேசாக அமர்த்தி, முன்கூட்டியே சூடாக்கிய போறணையில் 180 பாகையில் 11 முதல் 13 நிமிடம் வையுங்கள். ஓரம் பொன்னிறமாகி நடு இன்னும் மெதுவாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வேகவில்லை என்று எண்ணித் திரும்ப வைத்தால் ஆறியபின் கல்லாகிவிடும்; தட்டின் சூட்டிலேயே ஐந்து நிமிடத்தில் அது இறுகும்.

பதில் 2: மல்லாவி வாசகர்

போறணை இல்லாதவர்களும் செய்யலாம். போர்க்காலத்தில் மின்சாரமே இல்லாதிருந்த ஆண்டுகளில், என் அம்மா கனமான பழைய அலுமினியப் பானையில் இரண்டு விரல் உயரத்துக்குக் காய்ந்த ஆற்று மணலைப் பரப்பி, மூடி போட்டுச் சூடாக்கி, உள்ளே ஒரு சிறு தாங்கியின் மேல் தட்டை வைத்து, மூடியின் மேலும் தணல் பரப்பிக் கேக் வெதுப்பினார். விசுக்கோத்துக்கும் அதே முறை பொருந்துகிறது. மேல்தணல் இல்லாவிட்டால் அடி மட்டும் கருகி மேற்பக்கம் வெளிறி நிற்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். கச்சான் விளையும் இடத்தில் இருப்பதால், நாங்கள் வற்றலில் பாதியைக் குறைத்து, வறுத்து உடைத்த கச்சானைச் சேர்க்கிறோம். இனிப்புக் குறைகிறது, சுவையோ கூடுகிறது.

பதில் 3: முல்லைத்தீவு, சலரோகத்துடன் வாழ்பவர்

செய்முறை நன்று, உங்கள் மாமாவுக்காக ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பனங்கட்டியும் இனிப்புத்தான், சீனியை நீக்கி அதைச் சேர்த்ததால் மட்டும் இது சலரோகக்காரருக்கான உணவாகிவிடாது. முந்திரிகை வற்றலின் எடையிலும் பாதிக்கு மேல் இனிப்பே உள்ளது. மேலே தந்த அளவைக் கணக்கிட்டுப் பார்த்தேன்: ஒரு விசுக்கோத்தில் ஏறத்தாழ 6 கிராம் இனிப்பும், அதையும் சேர்த்து 14 கிராம் மாச்சத்தும் வருகின்றன. எனவே ஒன்று போதும், அதுவும் சீனி போடாத தேநீருடன்.

ஓட்ஸின் நன்மை உண்மையானது. அதிலுள்ள பீட்டா குளுக்கன் என்னும் கரையும் நார்ச்சத்து கொலஸ்திரோலைக் குறைக்க உதவுகிறது; நாளொன்றுக்கு 3 கிராம் என்ற அளவை வைத்து 1997 இல் அமெரிக்க அரசு ஓட்ஸ் பொதிகளில் அவ்வாறு குறிப்பிட அனுமதித்தது. ஆனால் ஒரு விசுக்கோத்தில் உள்ள ஏழரைக் கிராம் ஓட்ஸில் அது ஏறத்தாழ 0.3 கிராம்தான் கிடைக்கும். அந்தப் பயனுக்காக உண்பதாயின், காலையில் உப்பிட்ட ஓட்ஸ் கஞ்சியே அவருக்கு உகந்தது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றுப் பனங்கட்டியைத் துருவி, கலவையை ஒரு மணி நேரம் குளிரவைத்துச் செய்தேன். உருண்டைகள் தனித்தனியாகவே நின்றன, சவர்க்காரச் சுவையும் இல்லை. அடுத்த முறை பனங்கட்டியை 60 கிராமாகக் குறைத்துக் கச்சானும் சேர்க்கப் போகிறேன். மாமாவுக்கு ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு, மிகுதியை ஈரக்காற்றுப் படாமல் தகரப் பேணியில் மூடி வைத்திருக்கிறேன்.